லேப் வருது, சாப்பிடாதீங்க

மொபைலில் நாலு வீடியோ பார்த்துவிட்டால் எதைப் பற்றியும் அடுத்தவருக்கு யோசனை சொல்லலாம் என்று நினைக்கிற ரகம் நான். வீட்டுக்காரருக்கு முதுகுவலி வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன் (இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருகிறார்). அடுத்து சிக்கியவர் என் தாய்மாமா.

மாமா வீடு கச்சிராயபாளையத்தில். வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் உண்டு. கள்ளக்குறிச்சி டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மாமா கட்டிலிலிருந்து டி.வி. வரைக்கும் நடந்தார். இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கோ ஊசி என்றாலே வியர்த்துவிடும்.

ஒரு நாய் இருந்தால் நடந்துதானே ஆக வேண்டும்? சின்னசேலத்தில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆராய்ச்சியில் இறங்கினேன். பொமரேனியன்? காற்றடித்தாலும் குரைக்கும், பிரஷருக்கு ஆகாது. ராஜபாளையம்? ஓட ஆரம்பித்தால் மாமாவை மலை மேல் கொண்டுபோய் விட்டுவிடும். குட்டியே வேண்டாம், காலுக்குள் புகுந்து விழவைக்கும். கடைசியில், கொஞ்சம் வயதான லாப்ரடார் என்று முடிவாயிற்று. சாது, அவசரமில்லாமல் நடக்கும். நாய் வளர்க்கிறவர்கள் அதைச் செல்லமாக 'லேப்' என்பார்கள். நானும் அப்படியே பேச ஆரம்பித்திருந்தேன் (தலைக்கனம், வேறென்ன). உளுந்தூர்பேட்டையில் ஊரை விட்டுப் போகிற ஒருவர், தன் லேபை ஒப்படைக்க நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, மாமாவுக்கு லேப் ஏற்பாடு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில வூட்டுக்கே வந்துடும்."

"வூட்டுக்கேவா? நல்லதா போச்சு பாப்பா. கள்ளக்குறிச்சிக்கு வரமாட்டேன்னு அடம் புடிச்சிக்கினு இருக்காரு."

"மொதல்ல பயப்படுவாரு. கைய மட்டும் நீட்டச் சொல்லுங்க, பயம் போயிடும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

என்ன ஒரு புரிந்துகொள்ளும் அத்தை என்று பூரித்துப் போனேன்.

நாயை ஏற்றி வந்த வண்டி வழியில் பஞ்சர். கள்ளக்குறிச்சியில் நானும் ஏறிக்கொண்டு போய்ச் சேரும்போது உச்சி வெயில். மாமா வாசலில் நாற்காலி போட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, இடது கையை நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை.

"லேப் வந்துருச்சுங்க" என்று டிரைவர் கதவைத் திறந்தார்.

நாய் நேராகப் போய் அந்தக் கையை மோந்து, முழங்கையிலிருந்து விரல் வரை நக்கியது.

"பஞ்சால தொடச்சாச்சா? சீக்கிரம் குத்தும்மா" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.

அத்தை ஓடி வந்தார். "ரத்தம் எடுக்கறவங்க எங்க பாப்பா? வெறும் வயித்துல எடுக்கணுமேன்னு ராத்திரிலேர்ந்து பச்சத்தண்ணி, சக்கர மாத்திர தவிர ஒண்ணும் குடுக்கல."

எனக்குத் தலை சுற்றியது. மாமாவுக்கு எனக்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது. சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. அத்தை சர்க்கரைத் தண்ணீர் கரைக்க, நான் மாமாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் அறிவாளித்தனத்தால் மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன். நாய் மட்டும் அவர் காலடியில் படுத்துக் கொட்டாவி விட்டது.

டம்ளர் காலியாகிக் கொஞ்ச நேரம் கழித்து மாமா கண்ணைத் திறந்து கீழே பார்த்தார்.

"இன்னா பாப்பா இது?"

"லேப், மாமா."

"ஊசி?"

"ஊசி இல்ல மாமா."

யோசித்தார். "அப்ப இதுவே இருக்கட்டும்."

இப்போது மாமா தினமும் கோமுகி அணைப் பக்கம் நடக்கிறார். டீக்கடை கண்ட இடத்திலெல்லாம் நாய் நிற்கிறது, அவரும் நிற்கிறார். இருந்தாலும் சர்க்கரை குறைந்திருக்கிறது, டாக்டர் ஊசிப் பேச்சை எடுப்பதில்லை. நான் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று எனக்கு ரொம்பத் திருப்தி. வெளியே சொன்னால்தான் சிரிக்கிறார்கள்.

போன மாதம் நிஜமான ரத்தப் பரிசோதனைக்கே ஏற்பாடு செய்து அத்தைக்குச் சொன்னேன். "நாளைக்குக் காலையில லேப். வெறும் வயிறு, மறந்துடாதீங்க."

காலையில், ரத்தம் எடுக்கப் போனவர் எனக்குப் போன் செய்தார். "மேடம், ஐயா இட்லி சாப்ட்டுக்கினு இருக்காருங்க."

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "நீ சொன்ன மாதிரிதான் பாப்பா செஞ்சேன். லேபுக்கு ராத்திரிலேர்ந்து ஒண்ணுமே வைக்கல."