சந்தேகம் அண்ணாச்சியின் கயிறு

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களில் எதையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் சந்தேகம் அண்ணாச்சிதான். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்க?" என்பார்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் ஒரு காண்ட்ராக்டரிடம் தெருவிளக்கு மாட்டும் வேலை பார்த்தோம். லாரி முதுகில் நீளமான இரும்புக் கை, அதன் நுனியில் ஆள் நிற்கிற கூடை. ஒருவர் கூடையில் ஏறினால் இன்னொருவர் கீழே லீவரைப் பிடிப்பார்.

டீக்கடை பெஞ்சை இரண்டு தரம் ஆட்டிப் பார்க்காமல் அண்ணாச்சி உட்காரமாட்டார். பஸ்ஸில் பாளையங்கோட்டை என்று போர்டு இருக்கும். டிரைவரிடம் கேட்பார், கண்டக்டரிடம் கேட்பார், பிறகும் படியிலேயே நிற்பார்.

சாத்தான்குளத்துக்காரர். சவூதியில் வேலை பார்த்துவிட்டு எல்லாரும் டேப் ரெக்கார்டரோடு திரும்பியபோது, இவர் தோளையும் தொடையையும் சுற்றி மாட்டும் பெல்ட் ஒன்றோடு வந்தார். அதன் முதுகில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் கொக்கி. கொக்கியைக் கூடையிலிருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும்.

அண்ணாச்சிக்கு அந்த வளையத்தின் மேலேயே சந்தேகம். வெல்டு வைத்தது முதலாளியின் மச்சினன். அதனால் ஒருநாள் மேலே போனதும் என்னிடம் சொல்லாமல் கொக்கியை விளக்குக் கம்பத்தில் மாட்டிக்கொண்டார். வேலை முடிந்து, இறக்கச் சொன்னார். இறக்கினேன். கூடை வந்தது, அண்ணாச்சி வரவில்லை. வௌவால் மாதிரி கம்பத்தில் தொங்கிக்கொண்டு என் ஏழு தலைமுறையையும் வைதார். வண்ணார்பேட்டையே நின்று வேடிக்கை பார்த்தது.

மறுநாள் வேறு ஆளை வைத்து வளையத்தை வெல்டு செய்து, சிமெண்டு மூட்டைகளைத் தொங்கவிட்டுச் சோதித்தார். கயிற்றையும் குட்டையாக்கினார். நான் ஏறும்போதும் அந்த பெல்ட்டை மாட்ட வேண்டும் என்றார். கூடையின் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே எக்கவே முடியவில்லை என்று முறையிட்டேன்.

"விழுந்த பொறவு பிடிக்கதுக்கு இல்லலே. விழவிடாம இருக்கதுக்கு" என்றார்.

எனக்கு அந்தக் கயிறு மாட்டைக் கட்டிப்போட்டது போலிருந்தது. மேலே போனதும் பைய கழற்றிவிடுவேன். அவருக்கு அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. அதன்பின் கூடை கிளம்புமுன் தினமும் விசாரணைதான்.

ஒருநாள் பாளையங்கோட்டையில் கூடை பாதி உயரம் போயிருக்கும், நிறுத்தினார்.

"மாட்டிட்டியாலே?"

"மாட்டிட்டேன் அண்ணாச்சி."

"இழுத்துக் காட்டு."

வெறும் கையால் இழுப்பது போல நடித்தேன். கூடையை இறக்கி, ஏறி வந்து, தொங்கிக்கொண்டிருந்த கொக்கியைத் தானே மாட்டி, என்னைக் கூடையோடு சேர்த்து இரண்டு உலுக்கு உலுக்கிவிட்டு இறங்கினார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே போய், அந்தக் கோபத்தில் கொக்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் விளக்கில் கை வைத்தேன். லாரியின் பின்சக்கரம் நின்ற சாக்கடை மூடிப் பலகை உடைந்து, லாரி ஒருபக்கம் சாய்ந்தது. கூடை என்னைத் தூக்கி எறிந்தது. இடுப்பு வரைக்கும் கம்பிக்கு வெளியே போய்விட்டேன், கீழே தார் ரோடு தெரிகிறது. குட்டைக் கயிறு சுண்டி இழுத்து என்னைத் திரும்ப உள்ளே போட்டது.

கீழே வந்ததும் அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து அதைத் துண்டு துண்டாக அறுத்தார். நல்ல கயிறாச்சே, சவூதிக் கயிறாச்சே என்று முதலாளி குதித்தார்.

"சுண்டு வாங்குன கயிறு. இனி இத எவனும் நம்பப்படாது" என்றார் அண்ணாச்சி.

நான் மாட்டவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தெரியாது. நீ மாட்டிருப்பன்னு நம்பி, நீ செத்துட்டா, நான் எவன்ட்டலே போயிக் கேக்க?"

இன்று நான் எது சொன்னாலும் எல்லாரும் நம்புகிறார்கள். 'மாட்டிட்டேன்' என்றால் சரி என்று போய்விடுகிறார்கள். இழுத்துக் காட்டச் சொல்ல ஆளில்லை அண்ணாச்சி, பயமாக இருக்கிறது.