ஆடினால்தான் தொடுவோம்

தாணு விரலைத் தூக்கிப் பிடித்தபடி டேப்லெட்டையே முறைத்துக்கொண்டிருந்தான். திரையில் 'குடை' என்ற சொல். கீழே நான்கு படங்கள். தொட வேண்டியது ஒன்று.

"தொடுலே மக்கா," என்றாள் எலிசா டீச்சர்.

"நில்லுங்க டீச்சர், ஆடட்டு."

பத்து விநாடி கழிந்ததும் குடைப் படம் மட்டும் தலையை ஆட்டியது. தாணு டப்பென்று தொட்டான். மணி அடித்து, நட்சத்திரம் ஒன்று விழுந்தது.

 சொற்களைப் பார்த்ததும் வாசிக்கப் பழக்கும் விளையாட்டு இது. இதில் எலிசாவின் இரண்டாம் வகுப்புதான் வட்டாரத்திலேயே முதலிடம், தொண்ணூற்றாறு மதிப்பெண். போன வாரம் போர்த்திய பொன்னாடையை இன்னும் மடித்துக்கூட வைக்கவில்லை.

"ஏட்டி ஜிஷா, நீயும் ஆடின பொறவுதான் தொடுவியா?"

"எல்லாரும் அப்படித்தான் டீச்சர். ஆடுகது பாக்க ரசமா இருக்கும்லா."

வாசிக்கத் தெரியாத லட்சணத்தில் ரசம் ஒரு கேடா என்று பல்லைக் கடித்தவள், டேப்லெட்டைக் குடைந்து 'குறிப்பு காட்டு' என்பதை அணைத்தாள்.

மறுநாள் படங்கள் ஆடவில்லை. இப்போது ஆடும், இதோ ஆடும் என்று பிள்ளைகள் காத்திருந்ததில் நேரம் முடிந்து, மதிப்பெண் பதினொன்றுக்கு விழுந்தது.

தலைமையாசிரியர் முத்துநாயகம் போனும் கையுமாக ஓடிவந்தார். "டீச்சர், கல்வி ஆபீஸ்ல இருந்து விளிச்சுக் கேக்காவ. எல்லா பிள்ளைகளுக்கும் ஒரே நாள்ல படிப்பு மறந்து போச்சாண்ணு."

"உள்ளதைச் சொல்லிருவோம் சார். அதுகளுக்கு வாசிக்கவே..."

"உள்ளதா! பொறவு அந்தப் பொன்னாடைக்கு யாரு பதில் சொல்லுகது? பழையபடி ஆட்டி விடுங்க."

ஆட்டி விட்டாள். மதிப்பெண் ஒரே நாளில் நூறைத் தொட்டது. பதினொன்றிலிருந்து நூறா என்று வாய்பிளந்த அதிகாரி, அந்த அதிசயத்தை நேரில் பார்க்கப் புதன்கிழமையே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். வெளி மாவட்டத்துக்காரர், இங்கே வந்து இரண்டு மாதம்தான்.

"மெஷினெல்லாம் வேணாம்," என்றார். "நானே எழுதுறேன். பசங்க படத்தைக் காட்டட்டும்."

மேசைமேல் நான்கு பட அட்டைகளைச் சாய்த்து வைத்தார்: மாடு, வாழை, வண்டி, நிலா. திரும்பிப் பலகையில் கொட்டை எழுத்தில் ஒரு சொல்லை எழுதினார்.

முப்பது பிள்ளைகளும் பலகையைப் பார்த்தார்கள், அட்டைகளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

மேசையோரம் பிள்ளைகளைப் பார்த்து நின்ற எலிசாவுக்குப் பலகை முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்கு ஏது தெம்பு? அட்டை ஆடட்டும் என்றல்லவா இந்தச் சனியன்கள் காத்திருக்கின்றன!

மின்விசிறியை ஐந்தில் வைத்தாள். நான்கு அட்டைகளும் சேர்ந்து ஆடின. நிலா பறந்துபோய் அதிகாரியின் வழுக்கையில் உதித்தது.

அதை எடுத்து வைத்துவிட்டு அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். "மஞ்சளா இருக்கும். தோலை உரிச்சுச் சாப்பிடுவோம். என்னது?"

பிள்ளைகள் முன்னைவிட மிரண்டார்கள்.

இனி மானம் பார்த்துப் பயனில்லை. எலிசா மின்விசிறியை நிறுத்தினாள். வாழை அட்டையின் மூலையை இரண்டு விரலால் பிடித்து, அதிகாரி மூக்கைச் சிந்திய நேரம் பார்த்து, கிடுகிடுவென்று ஆட்டினாள்.

"வாழை!" முப்பது தொண்டைகளும் கூரையைப் பிளந்தன.

"சபாஷ்!" என்ற அதிகாரி, பதிவேட்டில் நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கையெழுத்திட்டு ஜீப் ஏறினார்.

எலிசா நாற்காலியில் சரிந்தாள். "வாழைண்ணு ஒரு சொல்லு. அதை வாசிக்க முடியாம இம்புட்டு நேரம் எதுக்குலே வாயைப் பொத்திட்டு மிண்டாம இருந்திய?"

கடைசி பெஞ்சிலிருந்து சுமைரா எழுந்தாள்.

"பலகையில வாளைண்ணுல்லா எழுதியிருக்கு டீச்சர்! நாங்க மீன் படத்தைத் தேடிட்டு இருந்தோம்."