கறுப்பில் தங்க எழுத்து

ஓஸ்வால்டை அடக்கம் பண்ணிய அன்றைக்குத்தான் ரெமிஜியஸ் அந்த மாபெரும் முடிவை எடுத்தார். ஓஸ்வால்ட் இருபது வருஷம் மாதா கோயில் பாட்டுக்குழுவில் அவர் தோளுரச நின்று பாடிய சிநேகிதன். ரெமிஜியஸோ லிங்கராஜபுரத்தில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். அப்படியிருக்க, ஓஸ்வால்ட் படுத்திருந்தது பக்கத்து ஏரியாவான ரிச்சர்ட்ஸ் டவுன் கடைக்காரன் பெட்டியில்! அழுவதா ஆத்திரப்படுவதா என்று தெரியாமல் மனுஷன் இரண்டையும் சேர்த்தே செய்தார். விசாரித்தால், "அவங்க வெப்சைட் நல்லா இருந்துச்சு அங்கிள்" என்றார்கள் ஓஸ்வால்ட் வீட்டில்.

வந்ததும் வராததுமாக மனைவி கேத்தரினிடம் அறிவித்தார்.

"கேத்தி, நமக்கும் ஒரு வெப்சைட் வேணும். இப்பல்லாம் பெட்டியத் தட்டிப் பாத்து யார் வாங்குறா? போன்ல பளபளன்னு இருந்தா சரக்கும் நல்லா இருக்கும்னு நம்பிடுறாங்க."

"வாஸ்தவம்தாங்க" என்றாள் கேத்தரின்.

அவள் சட்டென்று ஒத்துக்கொண்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் இந்தச் சின்ன விஷயம் ரெமிஜியஸுக்குப் பிடிபடவில்லை, பாவம்.

மாடியில் குடியிருந்த அனுஷா வெப்சைட் வடிவமைக்கிற பெண். அங்கிள் சொன்னபடியே செய்துகொடுத்தாள். கறுப்புப் பின்னணி. இழை மாதிரி மெல்லிசாகத் தங்க எழுத்து. திறந்ததும் வயலின் அழும். ஒரு பெட்டியின் மூடி மெதுவாக விலகும். உள்ளே கோட்டு சூட்டில் ரெமிஜியஸ் சிரிப்பார்.

கேத்தரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ஏங்க, பெட்டிக்குள்ள நீங்களே இருக்கீங்க!"

"நான்தான்டி கடை ப்ரொப்ரைட்டர்!"

"போன் நம்பர் எங்க?"

"கீழ. நாலஞ்சு தடவ தள்ளினா வரும்."

"அழுத கண்ணுக்கு இந்த எழுத்து தெரியுமா?"

"பெரிசா போட்டா மீன் கடை போர்டு மாதிரி இருக்கும். எவன் மதிப்பான்?"

"சரி, உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாள் அனுஷா இறங்கி வந்து, அவர் போனை வாங்கி என்னவோ செய்தாள். "உங்க போன்ல ஒரு பட்டன் வெச்சிருக்கேன் அங்கிள். அதத் தொட்டாலே வெப்சைட் வந்துடும்" என்றாள்.

அதற்கப்புறம் ரெமிஜியஸைப் பிடிக்க முடியுமா? பஸ் ஸ்டாப்பில் காட்டினார். பாவசங்கீர்த்தனம் முடிந்த கையோடு சாமியாரிடம் காட்டினார். டீக்கடைக் கவுடா "சென்னாகிதே சார்" என்று கன்னடத்தில் மெச்சிவிட்டு, எதற்கும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். ஆனால் ஒன்று, ஆர்டர் வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்தே வந்தது. "பாத்தியா கேத்தி! எல்லாம் அந்தத் தங்க எழுத்து பண்ற வேலை" என்று மீசையைத் தடவிக்கொண்டார். கேத்தரின் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து எரிக் என்றொரு பையன் கடைக்கு வந்தான். ரெமிஜியஸ் கொடுத்த பெட்டியில் அம்மாவை அடக்கம் பண்ணி ஒரு வாரம் ஆகியிருந்தது. நன்றி சொல்ல வந்திருந்தான்.

"உங்க வெப்சைட் பாத்துதான் அங்கிள் கூப்பிட்டேன்."

"அந்த மூடி திறக்குற எடம் எப்பிடி?" ரெமிஜியஸுக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"எந்த மூடி?"

எரிக் தன் போனை நீட்டினான். வெள்ளைப் பக்கம். உள்ளங்கை அகலத்துக்குப் போன் நம்பர். கீழே கட்டைகட்டையாகக் கறுப்பெழுத்து: 'நாங்க வர்றோம். நீங்க அவங்க பக்கத்துல உக்காந்திருங்க.' அதற்கும் கீழே ஒரு போட்டோ. பனியன் போட்ட ஒரு ஆள், குனிந்து, பெட்டியைக் கையால் தடவிப் பார்க்கிறார். பனியனில் ஓட்டை.

அந்த ஆள் ரெமிஜியஸ்.

"அன்னிக்குக் கண்ணாடி எங்க வெச்சேன்னே தெரியல அங்கிள். ஆனா நம்பர் தெரிஞ்சுது. இந்தப் படத்தப் பாத்ததும், இவரு அம்மாவ நல்லா பாத்துக்குவார்னு தோணுச்சு" என்றான் எரிக். அவன் குரல் உடைந்தது. ரெமிஜியஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "என் வெப்சைட் எங்கடி?"

"உங்க போன்லதான் பத்திரமா இருக்கே."

"மத்தவங்க போன்ல?"

"அது உங்களுக்கு மட்டும். ஊருக்கு வேற."

"ஓட்டப் பனியனோட என்னப் போட்டிருக்கியே! மானம் போச்சு!"

காய் நறுக்கிக்கொண்டிருந்த கேத்தரின் கத்தியைக் கீழே வைத்தாள். "வழவழன்னு தேச்சு முடிச்சிட்டு, இன்னும் எங்கயாவது சொரசொரன்னு இருக்கான்னு தடவிப் பாக்குறீங்க. உள்ள படுக்கப்போறவங்களுக்கு அது தெரியாதுங்க. ஆனாலும் பாக்குறீங்க. கோட்டு யாரு வேணா போட்டுக்கலாம். ஜனங்க பாக்க வேண்டியது அந்தக் கையத்தான்."

ரெமிஜியஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பளபளப்பைப் பார்த்துதான் ஜனம் நம்பும் என்று ஊரெல்லாம் சொன்னாரே, அந்த ஜனம் எந்த நிலைமையில் வந்து பார்க்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தாரா? தன் மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் கேத்தரினுக்குத் தெரியாமல் பூனை மாதிரி மாடி ஏறினார். "அனுஷா, அந்த வெள்ளப் பக்கமே இருக்கட்டும்மா. என் போன்லயும் அதையே வெச்சுடு. அந்தப் பனியன் ஓட்டைய மட்டும் சத்தமில்லாம அடைச்சுடு, என்ன?"

அனுஷா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அத மட்டும் தொடக்கூடாதுன்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க அங்கிள். இன்னிக்குக் காலைல நீங்க வருவீங்கன்னும் சொன்னாங்க."