சிறப்புரையாளர் வாயைத் திறக்கவில்லை

கடிதம் வந்தால் முதல் நான்கு வரிக்கு மேல் படிக்காத ஜென்மம் நான். அந்தப் பழக்கத்தால் ஒருநாள் என் மானம் கப்பலேறியது. (கரிசல்காட்டில் கப்பலுக்கு ஏது தண்ணீர் என்று கேட்காதீர்கள். ஏறியது, அவ்வளவுதான்.)

இரண்டாயிரத்துச் சொச்சம். ஆய்வாளர்களும் ஓவியர்களும் மூன்று மாதம் தங்கி வேலை செய்வதற்காக, கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் போகும் வழியில் ஓர் அறக்கட்டளை விடுதி நடத்தியது. சோறும் அறையும் இலவசம்; பதிலுக்கு ஊர் ஜனங்களுக்கு ஒரு பேச்சு பேசிவிட்டுப் போகவேண்டும். அந்தப் பேச்சுகளுக்கு ஏற்பாடு செய்பவள் நான்.

அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தீப்பெட்டி ஆபீஸ். (எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்.) என்னைப் பிடித்துவிட்டது, என் வேலைதான் பிடிபடவில்லை.

"கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போகணும்ங்கே. அப்பிடி என்ன வேலை தாயி பாக்கே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வந்தவியளப் பேச வைக்கது அத்தே. ஒருநா வந்து பாருங்களேன்" என்றேன், பெருமை பொங்க.

வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பேசவேண்டியவர் டில்லியில் குடியேறிய ஒரு தமிழ் ஓவியர். மேடையேறினார். மைக் முன்னால் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். பேசவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பேசவில்லை. மறந்துவிட்டாரா? மயக்கமா? 'ஐயா, மைக் வேலை செய்கிறது' என்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 'எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்' என்று அடுத்த சீட்டு. அதுவும் பைக்குள் போனது. பேச்சை முடிக்கச் சொல்லித்தான் மேடைக்குச் சீட்டுப் போகும். தொடங்கச் சொல்லிக் கெஞ்சிச் சீட்டு அனுப்பியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அவியளுக்குப் பித்தம் கூடியிருக்கும்மா, சோடா குடு" என்றார் பெட்டிக்கடை அண்ணாச்சி. கொடுத்தேன். குடித்தார். பேசவில்லை.

எங்கள் இயக்குநர் அம்மா ஓரத்திலிருந்து 'உட்கார், உட்கார்' என்று கையை அமுக்கி அமுக்கிக் காட்டினார். ஓவியரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். இதில் விடுதிக்கார ஆய்வாளர்கள் வேறு கண்கொட்டாமல் ரசித்துக்கொண்டிருந்தார்கள். எதை ரசிக்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை.

நாற்பதாவது நிமிடம் அவர் கும்பிட்டுவிட்டு இறங்கினார். ஆய்வாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"கிறுக்குப் பிள்ள! பேசாம நிக்கதுதான் அவரு நிகழ்ச்சியே! கடுதாசில அஞ்சாவது வரியிலயே எழுதியிருக்காரே, படிக்கலயா?" என்று இயக்குநர் அம்மா பல்லைக் கடித்தார்.

அத்தை முன்னால் போய் நின்றேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று நானே சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ தாயி! ஒரு ஆம்பளைய, அதுவும் மைக் முன்னால, நாப்பது நிமிசம் வாயத் தொறக்காம நிக்க வச்சிட்டியே! நீ சீட்ட நீட்டுதே, அவரு பேசாம மடிச்சு வைக்காரு. எங்க வீட்டுல முப்பது வருசமா என்னால முடியல. இந்த வேலைய மட்டும் விட்டுராத, சொல்லிட்டேன்."

இன்றும் எங்கள் வீட்டில் என் கணவரும் மாமாவும் வாய்ச்சண்டையை ஆரம்பித்தால் போதும், அடுக்களையிலிருந்து அத்தையின் குரல் கேட்கும்: "ஏட்டி, இவிய ரெண்டு பேருக்கும் ஒரு கூட்டம் போடு!"