காலிக் குப்பிக்குப் பொட்டு வைத்த கதை

ஆயுதபூஜைக்கு எதற்கெல்லாம் பொட்டு வைக்கக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் இன்று நான் நிம்மதியாகத் தூங்குகிற மனுஷியாக இருந்திருப்பேன்.

தருமபுரியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் மேசை என்னுடையது. நான் பி.காம். (இனி வரப்போவதைப் படித்தால் சந்தேகம் வரும், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன்.) விலை கூடிய ஊசி போட்டால், மருந்தின் பெயர், அளவு, எத்தனை குப்பி என்று கிளெய்மில் எழுதினால் மட்டும் போதாது. காலிக் குப்பியின் லேபிளில் உள்ள பேட்ச் நம்பர் தெரியும்படி படமெடுத்து அனுப்ப வேண்டும். பில்லில் உள்ள நம்பரோடு அது ஒத்துப்போனால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி நம்பும்.

கடத்தூர் செல்லம்மா அக்காவுக்கு முடக்குவாதம். விரல்கள் மடங்காது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி போடக்கூட மகள் வர வேண்டும். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு ஊசி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குப்பி மருந்து. முதல் ஊசியின் கிளெய்ம் சரியாகப் போனால்தான் இரண்டாவதற்கு அனுமதி.

முதல் ஊசி போட்ட அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் பூஜை. காலிக் குப்பிகள் இரண்டையும் மேசைமேல் வைத்தேன். லீவு முடிந்து படமெடுக்கலாம் என்று சோம்பல். அந்த வருடம் என் மகள் பிளஸ் டூ. அவள் பயப்படவில்லை, அவளுக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே வந்த கை, குப்பிகளுக்கும் வைத்துவிட்டது. லேபிளின் நட்டநடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு, சந்தனமும் குங்குமமும்.

லீவு முடிந்து வந்தபோது காய்ந்து இறுகியிருந்தது. ஒரு குப்பியை ஈரத்துணியால் துடைத்தேன், குங்குமம் பரவியது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்; குங்குமம் போனது, நம்பரும் கூடவே போனது. இன்னொன்றைத் தொடவில்லை. (அந்த அளவுக்கு அறிவு இருந்தது.) இரண்டையும் அப்படியே படமெடுத்து அனுப்பினேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், ஒரு பாட்டில்ல ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணுல பொட்டு இருக்கு. பேட்ச் நம்பர் எங்க மேடம்?"

"பொட்டுக்கு அடியில இருக்குதுங்க."

"அடியில இருக்கறத அப்ரூவ் பண்ண முடியாது மேடம். சனிக்கிழமைக்குள்ள வேற ப்ரூஃப் அனுப்புங்க. இல்லன்னா ரிஜெக்ட் ஆயிடும்."

நர்ஸ் ரோஸி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானும் சாமி கும்புடறவதாங்க்கா. ஆனா காலி பாட்டிலுக்கு ஜெபம் பண்ணதில்ல." பிறகு அவளுக்கே நினைவு வந்தது. "ரெண்டு பாட்டிலும் ஒரே டப்பாவுல வந்துச்சு. அதுலயும் நம்பர் இருக்கும். செல்லம்மாக்கா அதக் கேட்டு வாங்கிட்டுப் போச்சு."

செல்லம்மா அக்கா போனை எடுக்கவில்லை. கடத்தூர் பஸ் ஏறினேன். டப்பா அடுப்புக்குப் போயிருக்கும், கிளெய்ம் ரிஜெக்ட் ஆகும், அக்காவின் விரல் மடங்காமலே போகும், எனக்கு வேலை போகும், மகள் பரீட்சையில் கோட்டைவிடுவாள் என்று ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு பயமாக ஏறி உட்கார்ந்தது.

அக்கா வாசலிலேயே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"டப்பாவா? சாமிகிட்ட வச்சிருக்குறேன் கண்ணு."

எடுத்துவந்து காட்டினார். அதிலும் பொட்டு! ஆனால் மூடியின் ஓரத்தில், சின்னதாக. பேட்ச் நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"என் கைய மடக்கி விடப்போற மருந்தாச்சே, அதான் பூஜையில வச்சேன்."

"நம்பரை மறைக்காம வச்சிருக்கீங்களே அக்கா!"

"எழுத்து மேல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? நான் கைநாட்டு, எனக்கே தெரியுது. நீங்க படிச்சவங்க!"

டப்பாவின் படத்தோடு டாக்டரின் கடிதமும் போனது. கையெழுத்துப் போடும்போது அவர் தலை நிமிரவில்லை. "அடுத்த வருஷம் பேஷண்டுக்கும் வச்சிருங்கம்மா" என்றார். அனுமதி வந்தது, இரண்டாவது ஊசியும் குறித்த நாளில் ஏறியது. அன்று குப்பிகள் காலியான அரை நிமிடத்தில் பதினேழு படங்கள் எடுத்தேன்.

இரண்டு வருடமாகிறது. மகள் இப்போது கல்லூரியில். இந்த ஆயுதபூஜைக்கு அவளுடைய புது ஸ்கூட்டரிடம் குங்குமத்தோடு போனேன். ஓடிவந்து நம்பர் பிளேட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத நான் பாத்துக்கறேம்மா. நீ சீட்டுக்கு வச்சிக்கோ."