அரை மணியில் கியர்பாக்ஸ்

அடுத்தவர் வேலை எதுவானாலும் அது அரை மணி நேர வேலை என்று அடித்துச் சொல்கிறவர்கள் ஒரு ரகம். கிணறு வெட்டுவதா? அரை மணி. பல் பிடுங்குவதா? அதற்கு எதற்கய்யா அரை மணி! இந்த ரகத்தின் திலகம் ராஜபாளையம் பஞ்சுத் தரகர் வைகுண்டராஜ். ஒரு மூடைப் பஞ்சைத் தொட்டு, பிய்த்து, வெயிலில் பிடித்து, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டு வந்து மறுபடி தொட்டு, விலை சொல்ல அவருக்கு முழுசாக இரண்டு நாள் வேண்டும். கேட்டால், "பஞ்சுன்னா சும்மாவா?" என்பார்.

வாடகைக் கார்க்காரர் தேவநேசன் இவரிடம் மாட்டியதுதான் பரிதாபம். இருந்தது ஒரே கார். அதில் கியர் விழவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் அப்துல் ஹமீது கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தார். "பல்லு தேஞ்சுபோச்சு அண்ணாச்சி. புதுச் சக்கரம் மதராஸ்லேருந்து வரணும். எட்டு நாளு, நாப்பது ரூவா."

பத்தாம் நாள் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சுக்குக் கொண்டுவர தேவநேசன் அச்சாரம் வாங்கியிருந்தார். அதில் தவறினால் பிறகு அந்தக் காரை யார் கூப்பிடுவார்கள்? எட்டு நாள்தானே, சரி என்று தலையாட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்தா வைகுண்டராஜ் பட்டறைக்குள் நுழைய வேண்டும்! இந்த ரகத்தார் முதலில் உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு குனிந்து பார்ப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியுமா? தெரியாது. ஆனாலும் குனிவார்கள்.

"ஏலே தேவநேசா, எட்டு நாளா? பாய் ஒன்னைய ஏமாத்துதாரு. நம்ம கொல்லன் சங்கிலிப்பாண்டிட்ட ரெண்டு ரூவா குடு. பல்லை ஒட்டவச்சு அரை மணியிலே அராவிக் குடுத்துருவான்."

"ஒட்டுன பல்லு தாங்காது அண்ணாச்சி" என்றார் ஹமீது.

"தாங்காதாம்! ஓடாட்டி என்னையக் கேளு."

இரண்டு ரூபாய் என்று காதில் விழுந்த பிறகு யாருக்கு நாற்பது ருசிக்கும்? மாடு கட்டி இழுத்துக் கார் ராஜபாளையம் வந்தது. "எனக்குக் கலப்பையும் வண்டிப் பட்டையுந்தான் தெரியும், விட்டுருங்க" என்று சங்கிலிப்பாண்டி கும்பிட்டார். விட்டால்தானே! அரை மணி வேலை ஒன்பது நாள் நடந்தது. தினமும் வைகுண்டராஜ் வந்து, "இன்னும் செத்த நேரந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஞானராஜ் கோட்டும் மாலையுமாக ஏறி உட்கார்ந்தார். கார் பத்தடி நகர்ந்தது. படீர்! ஒட்டிய பல் உடைந்து, மற்ற சக்கரங்களையும் கடித்துக் குதறிவிட்டது. மிஞ்சியது பின்னால் போகும் கியர் ஒன்றுதான். அந்த அவசரத்துக்கு வேறு கார் ஏது? தேவநேசன் கழுத்தைத் திருப்பி, ஏழு மைலும் பின்பக்கமாகவே ஓட்டினார். வழியெல்லாம் ஒரே சிரிப்பு. அவருக்கு மட்டும் அழுகை. சர்ச் வாசலில் மாலையோடு காத்திருந்தவர்கள் முன் வந்து நின்றது காரின் முதுகு.

"என்னய்யா, மாப்பிள்ளை வாராரா, போறாரா?" என்று சீறினார் பெண்ணின் தகப்பனார் வேதசிரோமணி.

இப்போது கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும். ஒரு மாதம், நூற்றிருபது ரூபாய். அது கிடக்கட்டும், அடுத்த இரண்டு கல்யாணக்காரர்கள் அன்றைக்கே அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

"உங்க பேச்சைக் கேட்டு என் பொழைப்பே போச்சே!" என்று வைகுண்டராஜிடம் போய் அழுதார் தேவநேசன்.

"பாய் எம்புட்டு நல்ல வேலைக்காரரு! அவரை விட்டுட்டு நீ ஏம்லே கொல்லன்ட்ட போன?" என்றார் வைகுண்டராஜ்.

இந்த ரகத்தாரைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுங்கள். நீங்கள் அந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும், இந்த ஒரு பக்கத்தை எழுத இவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று இப்போது மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அதை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.