உப்பு குறைந்ததற்குப் பிஸ்தாவே காரணம்

பூந்தமல்லி,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் மஸூத் அவர்களுக்கு, உங்கள் தங்கை அஷ்ரஃபுன்னிசாவைக் கட்டிய குற்றத்துக்காக உங்களிடம் அடிக்கடி விளக்கம் சொல்ல நேர்கிற ஷஃபியுல்லா எழுதும் மடல். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். அம்பத்தூரில் நீங்களும் எனக்குத் தங்கை முறையான உங்கள் மனைவி ரைஹானாவும் உங்கள் மகள், கல்யாணப் பெண் இனாயாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் கேட்கவில்லை. "அவன் மூச்சு விடாமப் பேசுவான், சொல்றத எழுதிக் குடுக்கச் சொல்லு" என்று ரைஹானாவிடம் சொன்னீர்களாம். எழுதிவிட்டேன் மச்சான். எழுத்திலும் மூச்சு விட்டிருக்க மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலப்பன்சாவடி விருந்தில் நான் பிரியாணிக்கு உப்பே போடவில்லை, ஜனங்கள் இலையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள், போலீஸ் வந்தது என்றெல்லாம் உங்கள் காதுக்கு வந்து, அதனால் இனாயாவின் கல்யாண விருந்துக்கு வேறு சமையல் மாஸ்டரைத் தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மச்சான், போலீஸ் வரவில்லை. யாரும் இலையைக் கவிழ்க்கவில்லை. உப்பு குறைந்தது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் நான் இல்லை, பிஸ்தா.

பிஸ்தா என்றதும் ஏதோ பேட்டை ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். நாய். அதிலும் காலிஃபிளவர் பூவுக்குக் காது முளைத்த மாதிரி ஒரு சின்ன நாய். நம் மாடியில் குடியிருக்கிற ஸ்வாதி வளர்ப்பது. அவள் கணவர் லோகேஷைக் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. போன மாதம் அவள் அம்மாவுக்கு மதுரையில் மூட்டு ஆபரேஷன் என்று போன் வந்தது. பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். "அம்மாவுக்கு நல்லாயிடும்மா" என்றேன். "அம்மாவ அக்கா பாத்துக்குவா அங்கிள், பிஸ்தாவ யாரு பாத்துக்குவா?" என்று இன்னும் பலமாக அழுதாள். அதற்குப் பாக்கெட் தீனி சேரவில்லையாம், வயிறு கெட்டு, இனிமேல் வீட்டில் சமைத்த சத்தான சாப்பாடு மட்டும்தான் என்று மாட்டு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுறவன் கீழ் வீட்ல இருக்கேன், ஒரு ஜாண் நாய்க்கு ஆக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டேன். உள்ளே உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசல் வரை கேட்டது. தொழுகிற வீடு என்பதால் பிஸ்தாவுக்கு ஜாகை மாடியில், சாப்பாடு மாடிப்படியில் என்று ஏற்பாடு ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் ஸ்வாதி சட்டதிட்டங்களைச் சொன்னாள். "வெங்காயம் போடக் கூடாது அங்கிள்." "சரிம்மா, கம்மியா வதக்கி..." "துளிகூடக் கூடாது, நாய்க்கு அது விஷம். பூண்டும் அப்படித்தான்." "உப்பு?" "வேணாம்." "ஒரு கிராம்பு, ஒரு ஏலக்கா?" "ஐயோ அங்கிள்!" எனக்குத் தலை சுற்றியது. முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன், என் கையிலிருந்த எல்லா ஆயுதத்தையும் ஒரே நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டாள். எலும்பில்லாத கோழி, கொஞ்சம் ஈரல், குழைந்த சோறு, கேரட், பரங்கிக்காய், கால்சியத்துக்கு ஒரு சிட்டிகை முட்டை ஓட்டுத் தூள், எல்லாம் தராசில் நிறுத்துப் போட வேண்டும், கறி இத்தனை, காய் இத்தனை, ஒன்று கூடினால் ஒன்று கெடும். முட்டையை உரித்து வைத்துப் பரிமாறியிருக்கிறேன் மச்சான், ஓட்டைப் பரிமாறியதில்லை. நான் அதை அரைக்க ஆரம்பித்ததும் உங்கள் தங்கை ஓடிவந்தாள். "இன்னாங்க இது, என் மிக்ஸில முட்ட ஓட்டப் போட்டு ஓட்டுறீங்க, நாளைக்கு சட்னி எதுல அரைக்கிறது, உங்க தலையிலயா?" புது மிக்ஸி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் வழிவிட்டாள்.

முதல் நாள் சமையல் அளவில் கோட்டை விட்டேன். நம்மிடம் இருப்பதிலேயே சின்னப் பாத்திரம் ஐம்பது பேருக்கு ஆக்குவது. அதில் ஒரு கைப்பிடி கறியைப் போட்டால் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கை தானாக அள்ளிப் போட்டுவிட்டது. மிஞ்சியதைத் தெருமுனையில் கொட்டினேன். மறுநாள் நம் தெரு நாய்களோடு பக்கத்துத் தெரு நாய்களும் குடும்பம் குடும்பமாக வந்து கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்துவிட்டன. பந்திக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி நான் வாளியோடு போய் நிற்க வேண்டியதாயிற்று. எல்லாம் நக்கிச் சுத்தமாகச் சாப்பிட்டன. பிஸ்தா மட்டும் சாப்பிடவில்லை.

மச்சான், என் வாழ்நாளில் நான் வைத்த தட்டிலிருந்து ஒருவரும் முகத்தைத் திருப்பியது கிடையாது. இது மோந்து பார்த்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, திரும்பி உட்கார்ந்துகொண்டது. "சீர்ல குறை வெச்ச மாமியா ஊட்டுல மாப்ள உக்காந்துகினு இருக்கிற மாதிரியே கீது பாருங்க" என்று உங்கள் தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் விடவில்லை. கறியைப் பஞ்சு மாதிரி கொத்தினேன். பரங்கிக்காயை மசித்தேன். கடைசியில் சின்னச் சட்டியில் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே தணல் வைத்து, முறையாகத் தம் போட்டே எடுத்தேன். திறந்தபோது வாசனை சும்மா சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிஸ்தா ஓடிவந்தது. வந்து, மூடியில் ஒட்டியிருந்த மாவை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

அதன் பிறகு எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. அது தண்ணீர் மட்டும் குடிக்கிறது, வாலை ஆட்டுவதில்லை, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. நம்பி விட்டுப்போன பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சோறு வடிக்கிற அன்னக்கூடையில் துண்டு விரித்து, அதில் பிஸ்தாவை உட்கார வைத்து, மகன் சமீரை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டு கோவில்பதாகையில் இருக்கிற அவர்கள் டாக்டரிடம் போனேன். டாக்டர் ஜஸ்டின் நல்ல மனுஷன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல பாய். ஏக்கம். வீட்ல இது யாரோட சாப்பிடும்னு கேளுங்க" என்றார். அங்கேயே ஸ்வாதிக்கு வீடியோ கால் போட்டேன். அவள் குரலைக் கேட்டதும் பிஸ்தா போனை நக்கியது. "அடடா, சொல்ல மறந்துட்டேன் அங்கிள்! நாங்க சாப்பிட உக்காந்தாத்தான் அதுவும் சாப்பிடும். தனியா சாப்பிடாது" என்றாள்.

சமையல்காரன் என்றைக்கு மச்சான் விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்? கடைசிப் பந்தி எழுந்த பிறகு, கையில் கிடைத்ததை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறவன் நான். அன்றைக்கு மதியம் மாடிப்படியில் என் தட்டில் பிரியாணியோடு உட்கார்ந்தேன். பிஸ்தா தன் தட்டை விட்டு என் தட்டையே பார்த்தது. அதைக் கொடுக்கக் கூடாது. எழுந்து போய் பிரியாணியை வைத்துவிட்டு, அதற்கு ஆக்கியதில் ஒரு கரண்டியை என் தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். உப்பு இல்லை, காரம் இல்லை, ஜுரக்காரன் கஞ்சிக்குக்கூட அதைவிட ருசி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். பிஸ்தா என்னைப் பார்த்தது. இன்னொரு வாய் வைத்தேன். அது தலையைக் குனிந்தது மச்சான்! சப்புச் சப்பென்று தட்டு காலி! "அஷ்ரஃபூ, சாப்ட்ருச்சு! சாப்ட்ருச்சுடீ!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், கேட்டால் இல்லை என்பாள்.

அன்றிலிருந்து வேளாவேளைக்கு அதனோடு உட்கார்ந்து அதே சாப்பாடு. இரண்டாவது வாரத்தில் பரங்கிக்காய் இனிக்க ஆரம்பித்தது. கேரட்டுக்கு ஒரு ருசி இருப்பது தெரிந்தது. வீட்டுக் குழம்பை வாயில் வைத்தால் ஒரே கரிப்பு. அஷ்ரஃபிடம் சண்டை போட்டேன். நாக்கு மாறிப்போனது அவள் மேல் தப்பு என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

வேலப்பன்சாவடி மண்டபத்தில் ரகுநாதன் சார் வீட்டு விருந்து. மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் அண்டாக்களோடு ஊர்ந்து விடிகாலையிலேயே போய் அடுப்பு மூட்டினோம். உலைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பட்டது. என்னோடு இத்தனை காலமாக அடுப்பு பார்க்கிற பாஸ்கரன், "மாஸ்டர், இன்னும் ரெண்டு கை போட்லாமா?" என்றான். "போதும்டா, கரிக்குது" என்றேன். தம் உடைத்ததும் ஒரு பருக்கையை வாயில் போட்டவன் முகம் செத்துப்போயிற்று. "மாஸ்டர், உப்பு கம்மியா கீது." "தேனாட்டம் இருக்குடா." "மாஸ்டர், சத்தியமா சொல்றேன், உங்க நாக்குலதான் இன்னாவோ ஆயிப்போச்சு." மண்டபத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுத்தோம். மென்றார், விழுங்கினார், "பத்தியமா பாய்?" என்று கேட்டார்.

வெளியே முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. வெந்து பூத்த சோற்றில் உப்பைத் தூவினால் நறநறவென்று நிற்கும், தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குழைந்துவிடும். அப்போதுதான் பருப்பும் எலும்பும் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்த தால்ச்சா கண்ணில் பட்டது. "பாஸ்கரா, சோத்தத் தொடாதே. தால்ச்சாவுல நீ ருசி பார்த்து உப்பப் போடு, தனியா குடிச்சா ஆள் ஓடணும், அந்த மாதிரி. தயிர்ப் பச்சடியிலயும் போடு. பரிமாறுறவங்ககிட்ட சொல்லு, பிரியாணி வெச்ச கையோட தால்ச்சா ஊத்தணும், கேட்டாலும் கேக்காட்டியும் ஊத்தணும்" என்றேன். பந்தி முழுக்க நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன் மச்சான், வாயில் துஆ ஓடிக்கொண்டிருந்தது. குழைத்து அடிக்கிறார்கள்! "தால்ச்சா, தால்ச்சா" என்று நாலா பக்கமும் கை நீட்டுகிறார்கள்! ரகுநாதன் சார் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "பாய், பிரியாணி நல்லாவே இருந்துச்சு, ஆனா இந்த தால்ச்சா இருக்கே, என்னா கை பாய் உங்களுக்கு!" என்றார். நடந்தது இவ்வளவுதான். அந்த வாட்ச்மேன் யாரிடம் என்ன சொன்னாரோ, அது அம்பத்தூர் வந்து சேர்வதற்குள் போலீஸ் ஜீப் ஏறிவிட்டது.

ஸ்வாதி திரும்பி வந்துவிட்டாள். பிஸ்தா அவளைப் பார்த்துக் குதித்த குதியில் படியில் உருண்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மதியம் ஆனதும் தானாக இறங்கி வந்து என் வழக்கமான படிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு என் வாசலைப் பார்த்தது. போய் அதனோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அத்தோடு சரி. இப்போது நாக்கு பழைய நிலைக்கு வந்தாயிற்று, பாஸ்கரன் சாட்சி. இனி நாலு கால் விருந்தாளிக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்று உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன். ஆகவே மச்சான், என் மருமகளின் கல்யாண விருந்துக்கு என்னைத் தவிர இன்னொருவன் கரண்டி பிடித்தால் நான் எந்த முகத்தோடு அந்தப் பந்தலில் வந்து நிற்பேன்? அந்தத் தேதியில் உலகமே திரண்டு வந்து கூப்பிட்டாலும் நான் வேறு வேலை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மாஸ்டரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனாயாவுக்கு இந்த மாமாவின் துஆ. அவள் போகும் வீட்டில் அடுப்பும் அணையாமல், சிரிப்பும் குறையாமல் இருக்க ரப்புல் ஆலமீன் அருள்வானாக. ரைஹானாவுக்கு எங்கள் சலாம். போனை எடுங்கள் மச்சான்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்,
ஷஃபியுல்லா

பின்குறிப்பு: மடலைச் சமீர் கையில் கொடுக்கிற நேரத்தில் ஸ்வாதி இறங்கி வந்தாள். பிஸ்தாவுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். அதன் சிநேகிதர்கள் முப்பது பேர், அத்தனையும் சின்னச் சின்ன நாய்கள், மொட்டை மாடியில் மதிய விருந்து, "நீங்க ஆக்கி, நீங்களே கூட உக்காந்தாத்தான் அங்கிள் நல்லா இருக்கும்" என்றாள். சந்தோஷத்தில் தேதியைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு கேட்டேன். இனாயாவின் கல்யாண விருந்து நாள்தான். கொடுத்த வாக்கிலிருந்து நான் மாறியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால் கல்யாண விருந்தை ஒரே ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் காரணத்தை மட்டும் சொல்லிவிட வேண்டாம்.